குளத்துக்குக் கொடுத்த சீதனம்

நறுவிலிக்குளம்,
10.04.1979

பெருமதிப்பிற்குரிய தம்பிராசா அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் சிவசுப்பிரமணியம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கேதீச்சரநாதர் கிருபையால் நானும் சிவலட்சுமியும் பிள்ளை இந்திராதேவியும் சுகமாக இருக்கிறோம். அதுபோல உங்கள் சுகத்தையும் அக்காவின் சுகத்தையும், விசேடமாக உங்கள் வலது முழங்காலின் சுகத்தையும் அறிய ஆவலாயிருக்கிறோம். அந்த முழங்கால் மட்டும் தை மாதத்தில் ஒழுங்காக இருந்து, நீங்களும் பெண் பார்க்க வந்தவர்களோடு கூட வந்திருந்தால், இந்தக் கடிதத்துக்கே தேவை வந்திராது. வந்திருந்தால் நீங்களும் சொறிந்திருப்பீர்கள் என்பது வேறு விஷயம்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். கலியாணம் நடக்கும். வைகாசியில்தான், அதே மாப்பிள்ளைதான். இதை வாசித்ததும் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, பிறகு கதிரையில் ஆறுதலாக இருந்து மிச்சத்தை வாசியுங்கள். இரண்டு மாதமாக நெஞ்சுக்குள் ஒரு கல்லை வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். அது இறங்கிய பிறகுதான் சோற்றின் ருசி தெரிகிறது.

சென்ற மாதம் நீங்கள் எழுதிய கடிதத்தில், அடம்பனிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பன் இரத்தினம் உங்களிடம் ஆள் அனுப்பிக் குறைப்பட்டதாகவும், "உன் வீட்டில் யாருக்காவது படை, சிரங்கு, தேமல் உண்டா, உண்டென்றால் எந்தப் பக்கத்தால் வந்தது, மறைக்காமல் எழுது" என்றும் கேட்டிருந்தீர்கள். அத்தான், அந்த "எந்தப் பக்கத்தால்" என்பதை மட்டும் நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். ஊர் ஊராகத் தபால் கந்தோரில் இருந்து, பிறத்தியார் கடிதத்தைப் பிரிக்காமல் ஒரு வாழ்நாளையே கழித்தவன் நான். என் பெயருக்கு வந்த கடிதத்தை என் வீட்டிலேயே சிவலட்சுமி எனக்கு முன் பிரித்துவிட்டாள். தன் பக்கத்தில் ஏழு தலைமுறைக்கு ஒரு வேர்க்குருகூட வந்ததில்லை என்று அவள் சொன்னதை நான் அப்படியே எழுதினால் முத்திரைக் காசு போதாது. ஆகையால் சுருக்கமாகச் சொல்கிறேன்: எங்கள் வீட்டில் யாருக்கும் எந்தத் தோல் வருத்தமும் இல்லை. வருத்தம் குளத்துக்கு. குளத்துக்கு வருத்தம் வந்தது என்னால்.

அது எப்படி என்று கேட்பீர்கள். தேவிக்குச் சீதனமாக வீட்டோடு, குளத்துக்கு மேல்பக்கம் உள்ள வயல் துண்டையும் தருவதாக நான் உங்கள் வாயால்தான் இரத்தினத்துக்குச் சொல்லி அனுப்பினேன். அந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று நீங்கள் அன்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது அலைகரையில் இருக்கிறது. குளம் நிரம்பினால் தண்ணீர் வந்து தொட்டுவிட்டுப் போகிற கரை. அரசாங்கக் கணக்கில் அது குளத்தைச் சேர்ந்தது. ஆனால் வருடம் ஒரு வரம்பாக நான் கட்டிக் கட்டி அதை வயலாக்கிவிட்டேன். அலைகரையை யாரும் பிடிக்கக்கூடாது என்று கமக்காரர் சங்கத்தில் தீர்மானம் நிறைவேற்றிய தலைவரும் நான்தான் என்பதால், என்னை யாரும் சந்தேகப்படவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தையில் வரும்போது அந்தத் துண்டு மற்ற எல்லார் வயலையும்விடப் பச்சைப் பசேலென்று நிற்கவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. விதைப்புக்கு முன் அடியில் போடுகிற சாம்பல் நிறக் குறுணி, ரி.எஸ்.பி. பசளை, அதை ஒரு மூட்டை போடவேண்டிய இடத்தில் மூன்று மூட்டை போட்டேன். தேவி பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் அல்லவா, வரம்பில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, அது இலையைப் பச்சையாக்கிற பசளை இல்லை. வேர் பிடிக்கிறதுக்குப் போடுறது. பயிருக்குத் தேவையானதை எடுத்துப்போட்டு மிச்சத்தை அது மண்ணிலை விட்டிடும். மழை வந்தால் மண்ணும் பொசுபரசும் சேந்து நேரே குளத்துக்குத்தான் போகும்" என்றாள்.

பயிர் தின்றது போக மிச்சம் இருந்தால் அடுத்த போகத்துக்கு உதவும் என்று நான் அவளுக்கு விளக்கம் கொடுத்தேன். மிச்சம் அடுத்த போகம் வரை காத்திருக்கவில்லை. போட்ட மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. பிடித்தது என்றால் சும்மா மழையில்லை அத்தான், என் வரம்பு மூன்று இடத்தில் உடைந்து, வயலின் மேல்மண் தேத்தண்ணி நிறத்தில் குளத்துக்குள் இறங்குவதை நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். மழை விட்டதும் உடைந்த இடங்களைக் கட்டிவிட்டு விதைத்தேன், பசளை மண்ணில் இறங்கியிருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். மார்கழி கழிந்து வெயில் ஏறியதும் பார்த்தால் என் நெல் பக்கத்து வயல் நெல்லைப்போலத்தான் நிற்கிறது, கொஞ்சம் மஞ்சள் என்றும் சொல்லலாம். அலைகரைப் பக்கத்துக் குளத்து மூலை மட்டும் நான் வயலுக்கு ஆசைப்பட்ட அதே பச்சையில் நின்றது. பச்சை வர்ணத்தைக் கரைத்து ஊற்றிய மாதிரி, ஓரத்தில் பாசி ஆடையும் படர்ந்திருந்தது. குளக்கட்டுப் பக்கம், மதகுக்குப் பக்கத்தில் ஊரார் குளிக்கிற துருசடியில், தண்ணீர் வழக்கம்போல் தெளிவாகவே இருந்ததால் ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

பொங்கல் முடிந்த கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். இரத்தினமும் அவருடைய மனைவியும், மாப்பிள்ளை யோகராசாவும், ஒரு சின்னம்மாவும். நான் வாடகைக்குப் பேசி அனுப்பிய முஹைதீனின் சோமசெற் காரில் வந்து இறங்கியபோது எல்லார் தலையிலும் செம்புழுதி. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால், தூரத்திலிருந்து வருகிற ஆண்களுக்குப் புதுத் துவாயும் புதுச் சவர்க்காரமும் கொடுத்துக் குளத்துக்கு அனுப்பி, முழுகிவிட்டு வந்த பிறகுதான் சாப்பாட்டுக்கு இருத்துவோம். குளத்தில் முழுகாமல் போன விருந்தாளி சரியாக உபசரிக்கப்படாத விருந்தாளி. தேவி குசினிக்குள்ளிருந்து தாயிடம் சொல்லி அனுப்பினாள், கூட்டிக்கொண்டு போவதென்றால் துருசடிக்கே கூட்டிக்கொண்டு போகட்டும் என்று. சிவலட்சுமி படலை வரை ஓடிவந்து அதையே எனக்குக் கண்ணால் சொன்னாள். அவள் கண்ணால் சொல்வது எதையும் நான் கலியாணமான நாளிலிருந்து சரியாக விளங்கிக்கொண்டதில்லை. புது வேட்டியைக் கட்டியிருக்கிறேன் என்று மெச்சுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துவிட்டு, சீதனத் துண்டையும் ஒருமுறை காட்டிவிடலாம் என்ற எண்ணத்தில் அவர்களை நேரே அலைகரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

தண்ணீர் ஏன் இப்படிப் பச்சை என்று இரத்தினம் கேட்டார். இது செழிப்பின் நிறம், இந்தத் தண்ணீரில் முழுகினால் உடம்புச் சூடு இறங்கும் என்றேன். நல்ல மனிதர், நம்பிவிட்டார். பாசி ஆடையைக் கையால் ஒதுக்கிவிட்டு மூன்று தரம் தலை முழுகினார். மாப்பிள்ளை குளத்தையும் என் வயல் துண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைகிறவர் என்பது எனக்குத் தெரியும். எந்தக் குளங்களின் படம் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை. தகப்பன் முழுகிய பிறகு தான் நிற்பது அழகில்லை என்று அவரும் இறங்கினார். முஹைதீன் எட்ட நின்று அதே தண்ணீரை வாளியில் அள்ளிக் காரைக் கழுவினான், பிறகு தன் தலையிலும் ஊற்றிக்கொண்டான். வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள், தேவியைப் பார்த்தார்கள், சின்னம்மா அவளோடு தனியாகக் கதைத்தார், எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. அன்றைக்கு நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் அத்தான்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அடுத்த நாள் காலையில் இரத்தினத்துக்கு முதுகெல்லாம், கையெல்லாம் தடிப்பு, மாப்பிள்ளைக்குக் கையும் காலும். எங்கள் வீட்டுக்கு வந்து போன பிறகுதான் சொறிகடி தொடங்கியது, ஆகவே எங்கள் வீட்டில் ஏதோ ஒட்டுகிற வருத்தம் இருக்கிறது, மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஆகிவிட்டது. ஒரு பெண்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அப்படி ஒரு பெயர் விழுந்தால் பிறகு எந்தச் சாதகம் அந்தப் படலைக்குள் வரும்? தேவி என்னிடம், குளத்தாலேதான் என்று போய்ச் சொல்லுங்கோ என்றாள். சொல்லலாம். குளம் ஏன் அப்படி ஆனது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் சீதனத் துண்டுக்கு உறுதிப் பத்திரமே இல்லை என்பது வெளியே வரும், சங்கத் தலைவர் பதவியும் போகும். சொல்லாவிட்டால் பிள்ளையின் வாழ்க்கை போகும். இது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்குமென்று நான் நம்பினேன். சங்கக் கூட்டத்தைக் கூட்டி, எருமைகள் குளத்தைக் கெடுக்கின்றன என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். எருமைகள் என் அப்பா காலத்திலிருந்து அங்கேதான் கிடக்கின்றன என்று சொல்லித் தோற்கடித்துவிட்டார்கள். பிறகு பேசாலையிலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கிற கிறகரியிடம், பெட்டியை எங்கள் குளத்தில் கழுவினாயா என்று அதட்டிக் கேட்டேன். கருவாட்டுப் பெட்டியை யாராவது தண்ணீரில் நனைப்பார்களா என்று அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அன்று பின்னேரம் தேவி என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாறவை வராட்டில் பரவாயில்லை அப்பா. ஆனா இல்லாத வருத்தத்துக்காக நான் வீட்டுக்குள்ளை ஒளிச்சிருக்க மாட்டன்" என்றாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

மாசி முடிகிற நேரம், முஹைதீன் தயங்கித் தயங்கிப் படலையடிக்கு வந்தான். வாடகைக் காசு பாக்கியோ என்று பயந்துவிட்டேன். அவன் சேட்டுக் கையைச் சுருட்டிக் காட்டினான். முழங்கை வரை செந்தடிப்பு. பெண் பார்த்த அன்று தொடங்கியது, சொறியச் சொறிய இன்னும் ஆறவில்லை, வைத்தியம் தெரியுமா என்று கேட்டான். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை, பிறகு எல்லாம் ஒரேயடியாக ஓடியது. முஹைதீன் அன்று எங்கள் வீட்டுப் படி ஏறவேயில்லை. எங்கள் கோப்பையில் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. காரடியிலேயே நின்றவன். அவனுக்கும் கடி என்றால் வருத்தம் வீட்டில் இல்லை, தண்ணீரில்தான். நான் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், ஒரு மனிதனின் சொறியைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்பட்டது இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சேட்டுக் கூட மாற்றாமல் அவன் காரிலேயே ஏறி அடம்பனுக்குப் போனேன். வழியில் தடிப்பில் எதையும் பூசிவிடாதே, அப்படியே வைத்திரு என்று அவனைக் கெஞ்சிக்கொண்டே போனேன்.

இரத்தினம் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டு முற்றத்துக் கட்டிலில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி உள்ளே போகப் பார்த்தார். நான் முஹைதீனை முன்னால் தள்ளி, கையைக் காட்டச் சொன்னேன். இருவரும் கைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே தடிப்பு, ஒரே நிறம். இரத்தினத்தின் மனைவி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். என் கண் கலங்கியதற்கு வெயில்தான் காரணம் என்று அங்கே சொன்னேன், உங்களிடம் அப்படிச் சொல்லமாட்டேன். அப்போது இரத்தினம், சரி, குளத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டார். எருமைகள் என்று தொடங்கிவிட்டேன். இவ்வளவு நேரமும் தூணடியில் நின்ற மாப்பிள்ளை குறுக்கே வந்தார்.

"மாமா, அந்தத் துண்டுக்கு என்ன பசளை போட்டனீங்கள்?"

அத்தான், அவர் என்னை மாமா என்று கூப்பிட்டார். அதுவரை ஐயா என்றுதான் கூப்பிட்டவர். மாமா என்று கூப்பிட்ட வாய்க்குப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. மூன்று மூட்டை, மழை, உடைந்த வரம்பு, உறுதி இல்லாதது, சங்கத் தீர்மானம் எல்லாவற்றையும் தேத்தண்ணி ஆறும் வரை சொன்னேன். சொல்லி முடித்தபோது இரத்தினம் முதுகைச் சொறிவதை மறந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குப் பாதிக் கதை முன்பே தெரியும். நறுவிலிக்குளத்தின் படம் அவருடைய மேசையில்தான் இருக்கிறதாம், அதில் என் நெல் வயல் குளத்துக்குள் நிற்கிறதாம். பெண் பார்க்க வந்த இடத்தில் அதைச் சொல்வது மரியாதை இல்லை என்றுதான் பேசாமல் இறங்கி முழுகினாராம். அப்போ சீதனம் என்று நான் இழுத்தேன்.

"அந்தத் துண்டைக் குளத்துக்கே சீதனமாக் குடுத்திடுங்கோ மாமா. எங்களுக்குப் பிள்ளை போதும்" என்றார்.

தகப்பனும் ஓம் என்று தலையாட்டினார். ஊருக்குத் திரும்பி வந்தபோது இன்னொரு சந்தோஷம் காத்திருந்தது. அந்தக் கிழமை காற்று மாறி, பச்சை ஆடையை அப்படியே குளக்கட்டுப் பக்கம் தள்ளிவிட்டிருந்தது. துருசடியில் குளித்த ஊர் முழுவதும் சொறிந்துகொண்டு நின்றது. எருமைத் தீர்மானத்தைத் தோற்கடித்தவர்கள்தான் அதிகமாகச் சொறிந்தார்கள். இனி எங்கள் வீட்டைத் தனியாக யாரும் பேசமுடியாது. ஆனாலும் மாப்பிள்ளையிடம் சொன்னதை ஊரிடம் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லி, தலைவர் பதவியையும் மேசையில் வைத்துவிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் சொறிகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அலைகரையில் துண்டு பிடித்திருந்த இன்னும் நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டு தாங்களும் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். பதவியை என்னிடமே திருப்பித் தந்தார்கள், வேறு யாரும் கணக்கு எழுதத் தயாரில்லை என்பதால்.

தேவியின் யோசனைப்படி என் வரம்புகளை வெட்டிவிட்டு அந்தத் துண்டில் புல்லை வளரவிட்டிருக்கிறோம், மேட்டிலிருந்து மண் கரைந்து வந்தாலும் புல் பிடித்து நிறுத்துமாம். மற்ற வயல்களுக்கும் இனி அளவான பசளைதான், அதையும் மழை முகம் பார்த்து, சேற்றோடு கலந்து போடவேண்டும் என்று அவள் கூட்டத்தில் வந்து பேசினாள். நான் அவளுக்குக் குடை பிடிக்காத குறையாகப் பக்கத்தில் நின்றேன். இப்போது குளம் கண்ணாடி போலத் தெளிந்துவிட்டது. ஓரத்தில் நின்று பார்த்தால் அடியில் கிடக்கிற சிப்பி தெரிகிறது. எருமைகள்கூட முந்தியைவிட வெள்ளையாகத் தெரிகின்றன. ஆகையால் நீங்களும் அக்காவும் கலியாணத்துக்கு ஒரு கிழமை முன்னதாகவே வந்து, அலைகரையிலேயே ஆசை தீர முழுகலாம். முழங்காலுக்கும் நல்லது. இதை நான் சங்கத் தலைவர் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கமும் சிவலட்சுமியின் அன்பும். உங்கள் அந்த ஒரு வரிக்காக அவள் உங்களை மன்னித்துவிட்டாள், ஆனால் நேரில் ஒருமுறை சொல்லிக்காட்டிய பிறகுதான் முழுதாக மன்னிப்பாளாம். தேவியும் மாப்பிள்ளையும் நீடூழி வாழ நீங்கள் இருவரும் வந்து தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கவேண்டும். இந்தக் குளத்து ஊர் உங்கள் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்பு மைத்துனன்,
சி. சிவசுப்பிரமணியம்

பி.கு.: இதை மடித்து முத்திரை ஒட்டுமுன் சித்திரைச் சிறுமாரி இரண்டு நாள் விடாமல் பெய்து, பிறகு வெயில் எறித்தது. இன்று காலை குளம் மறுபடி பச்சை. தேவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் போட்டது எல்லாம் இன்னும் போய்விடவில்லையாம், கொஞ்சம் அந்த மண்ணிலும் கொஞ்சம் குளத்து அடிச்சேற்றிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறதாம், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வரும், பேரப்பிள்ளை பிறந்த பிறகும் வரலாம், ஆனால் புல் பிடிக்கப் பிடிக்கக் குறையும் என்கிறாள். ஆகவே மேலே தெளிவு, கண்ணாடி, சிப்பி என்று நான் எழுதியதையெல்லாம் வெட்டிவிட்டு வாசியுங்கள். எருமைகள் பழையபடி கறுப்பு. உடனே முஹைதீனை அடம்பனுக்கு அனுப்பி, விஷயம் இப்படி, கலியாணத்தைத் தள்ளிவைப்பதென்றால் இப்போதே சொல்லுங்கள் என்று கேட்கச் சொன்னேன். அவன் மத்தியானம் திரும்பி வந்தான். சம்பந்தியம்மா சொல்லி அனுப்பியதை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் அக்காவும் அதன்படியே செய்யுங்கள்: "குளம் என்ன நிறமெண்டாலும் இருக்கட்டும். நாங்கள் வீட்டிலையே முழுகிப்போட்டு வாறம்."